உப்பளத்துக்கு ஒரு கழிப்பறை கேட்டோம்

சுனாமிக்கு அடுத்த வருடம் மரக்காணத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு தொண்டு நிறுவனத்தின் வாசலில்தான் விழ வேண்டும். நானும் அப்படி ஒன்றில்தான் வேலை பார்த்தேன். பி.காம். முடித்திருந்தேன், இங்கிலீஷில் நாலு வரி தப்பில்லாமல் எழுதுவேன். அதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டு அரசாங்கங்கள் கொடுக்கும் வளர்ச்சி நிதிக்கு விண்ணப்பம் தயார் செய்வது என் வேலை. டைரக்டர் தமிழில் சொல்லுவார், நான் இங்கிலீஷில் அடிப்பேன். படகு கேட்டோம், வந்தது. வலை கேட்டோம், அதுவும் வந்தது. அலையில் எல்லாம் இழந்தவர்களுக்கு வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

என் வயிற்றெரிச்சல் வேறு. என் அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்தாள். உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரையோடு தரையாகப் பாத்திகள். மரம் கிடையாது, சுவர் கிடையாது. ஆண்கள் நீண்ட கழியில் பலகை கட்டி உப்பை வாருவார்கள், பெண்கள் அதைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். ஒரு மூலையில் நிற்பவருக்கு மறு மூலையில் தும்முபவர் தெரியும். பெண்களுக்கென்று இருந்த ஒரே மறைவு, வாய்க்கால் ஓரத்துச் சீமைக்கருவேலம் புதர். சுனாமியில் கரைகள் உடைந்தன. கரை கட்ட முதலாளிகள் கொண்டுவந்த ஜேசிபி அந்தப் புதரையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. உப்பளம் சீராகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். புதரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சித்திரை வெயில், கீழே உப்பு, மேலே சூரியன், விடிவதற்கு முன்னால் போனால் உச்சி சாய்ந்துதான் வீடு. அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது, குளிர் காய்ச்சல் வந்தது. திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டினார். "தண்ணி நல்லா குடிக்கணும்மா. இப்படி அடக்கி அடக்கி வெச்சீங்கன்னா கிட்னி போயிடும்." அம்மா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். மறுநாள் நான் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாட்டிலைத் தெருவில் வீசினேன்.

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். உப்பளத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு நிழல் கொட்டகை. அவர் சிரித்தார்.

"ஏம்மா, வெளிநாட்டு கவர்மென்டுகிட்ட போய் கக்கூஸா கேக்கறது?"

"அவங்க நாட்டுல கக்கூஸ் இல்லாமலா சார் இருக்குது?"

"சரி, பெண்கள்னு வருதில்ல. போட்டு வை." அவருக்குப் பெண்கள் என்ற சொல் விண்ணப்பத்தில் வந்தால் போதும், அவர்கள் உப்பளத்தில் எங்கே ஒதுங்கினால் அவருக்கு என்ன?

விண்ணப்பம் முதல் படியைத் தாண்டிவிட்டது. நிதி கொடுக்கும் இடத்திலிருந்து நேரில் பார்க்க ஒரு மேடம் வருவதாகத் தகவல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம், "கேட்டா தைரியமா சொல்லும்மா" என்று நாலு தடவை சொல்லியிருப்பேன்.

மேடம் நல்ல மனுஷி. அதை நான் மறைக்கவில்லை. தொப்பியும் பருத்திச் சுடிதாருமாக வந்து, கைகூப்பி வணக்கம் சொன்னார். வந்தவுடன் டைரக்டர் இளநீர் கொடுத்தார். வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று மேடம் சொன்னதும் இன்னொன்று வெட்டச் சொன்னார். பெண்களை வரப்பில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எதிரே முதலாளி, மேஸ்திரி, போட்டோகிராபர், டைரக்டர், வேடிக்கை பார்க்க வந்த ஆண்கள். உங்களுக்கு என்ன தேவை என்று மேடம் கேட்டார். அதை நான் பெண்களிடம் தமிழில் சொன்னேன்.

யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு அக்கா, "கூலிய கொஞ்சம் ஏத்திக் குடுத்தா நல்லாருக்கும்" என்றாள். முதலாளியைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காதோரம் வந்து, பக்கத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நிதி கிடைத்தாயிற்று என்று நினைத்தேன். "இல்லை மேடம், அதைத்தான் கேட்டிருக்கிறோம்" என்றேன். அவர் முகம் சிவந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பாத்தி, பாத்தி, அதற்கு அப்பாலும் பாத்தி, எல்லாப் பாத்தியிலும் ஆண்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பெண்கள் தினமும் பார்க்கிற பார்வை அது.

டைரக்டர் விஷயத்தைப் புரிந்துகொண்டு ஓடினார். "டேய், வண்டிய எடுடா! சீக்கிரம்!" கார் தூசி கிளப்பிக்கொண்டு புதுச்சேரி ரோட்டில் இருந்த ஓட்டலுக்குப் பறந்தது. அங்கிருந்து மேடம் அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அவருக்கு நேரம் இல்லையாம். மேஸ்திரி வந்து அதட்டும்வரை பெண்கள் அந்த வரிசை கலையாமல் நின்றிருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் அம்மாவை ஒரு பிடி பிடித்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? உனக்காகத்தானேம்மா எழுதினேன்!"

அம்மா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "ஏண்டி, அத்தன ஆம்பளைங்க முன்னாடி, மொதலாளி முன்னாடி, எனக்கு ஒண்ணுக்குப் போக எடமில்லன்னு சொல்லச் சொல்றியா? அந்தம்மா உன் காதுலதானே கேட்டுச்சு? அதுக்கு ஒரு காது கெடச்சுது. எனக்கு யார் காது இருக்குது?"

அவள் வைத்துவிட்டுப் போன சோற்றை மூடி வைத்தேன்.

மழைக்காலம் தொடங்கும்போது பதில் வந்தது. நேரடி ஆய்வில் இந்தத் தேவை உறுதிப்படவில்லையாம். அங்கிருந்த பெண்கள் யாரும் இதைக் கேட்கவில்லையாம். சுனாமியோடு நேரடித் தொடர்பும் இல்லையாம். கீழே மேடத்தின் கையெழுத்து. நேரடி ஆய்வாம்! அந்த ஆய்வு எதனால் பாதியில் நின்றது என்று அதில் ஒரு சொல் இல்லை. அவசரம் எல்லாருக்கும் வரும், அதில் ஒரு கேவலமும் இல்லை. தன் அவசரத்துக்குக் கார் கிடைத்த மனுஷிக்கு எங்கள் அவசரம் எப்படி மறந்து போனது என்பதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நல்ல மனுஷி என்று சொன்னேனே, அதனால்தான் கோபம் இரண்டு மடங்கு.

அடுத்த வருடம் அதே நிதிக்கு மறுபடி அறிவிப்பு வந்தது. அப்போது அம்மா புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திண்டிவனம் டாக்டரம்மா சொன்னது அப்படியே பலித்துவிட்டது, இரண்டு சிறுநீரகத்திலும் கோளாறு. நான் ராத்திரியெல்லாம் அவள் கட்டில் பக்கத்தில் இருந்துவிட்டு, காலையில் பஸ் பிடித்து ஆபீஸுக்கு வந்து விண்ணப்பத்தை அடித்தேன். தேவைக்கு என்ன ஆதாரம் என்று ஒரு கேள்வி. போன தடவை அதற்கு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை இவ்வளவுதான் எழுதினேன்: உங்கள் அதிகாரி எங்கள் உப்பளத்துக்கு வந்தபோது கழிப்பறை இல்லாமல் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். எங்கள் பெண்களால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது.

டைரக்டர் கையெழுத்துப் போட எடுத்தவர் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இது? இதெல்லாம் போய் எழுதுவாங்களா?"

"நடந்ததத்தானே சார் எழுதியிருக்கேன்."

"நடந்ததுதான். அதுக்காக? மேடம் படிச்சா மனசு கஷ்டப்படும்மா."

என் அம்மாவைப் பற்றி அவருக்கும் தெரியும். முந்தின நாள்தான் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்திருந்தார்.

"படட்டும் சார். எங்க அம்மாவுக்குக் கஷ்டம் மனசுல இல்ல, அடிவயித்துல."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார்.