இரண்டு திரைகளில் ஒரு முகம்

ஒரு பெண்ணின் முகம் இரண்டு கணினித் திரைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. இடதுபக்கத் திரையில் ஒரு கண், பாதி மூக்கு, பாதி உதடு. எல்லாம் பெரிதாக, சொரசொரவென்று. வலதுபக்கத் திரையில் மற்றொரு கண். சின்னதாக, இமை முடிகூடத் தெரிகிற துல்லியத்தோடு. இரண்டு பாதியும் ஒட்டவே இல்லை. இத்தனைக்கும் படம் ஒன்றுதான். பழைய திரையில் புள்ளிகள் பெரியவை; புதியதில் அதே இடத்துக்குள் பல மடங்கு புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதனால் எந்தப் படத்தையும் பழையதிலிருந்து புதியதற்கு இழுத்தால் சட்டென்று சுருங்கி அழகாகிவிடும். இந்த அற்ப விஷயம்தான் திண்டிவனத்தில் என் வேலையையும் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோனது.

அங்கே நான் வேலை பார்த்த கடையின் முதலாளியைச் சார் என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூற்று மூன்றில் ஸ்டூடியோ திறந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது பாதி ஸ்டூடியோ, பாதி பேனர் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்துகொடுப்பேன். சாரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் விழுப்புரத்திலிருந்து நான் வரும் பஸ் தாமதமானால் அவர் முகம் சுளித்ததில்லை. மழை நாளில் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார். எதிர்வரிசையில் இன்னொரு கடை வந்தபிறகுதான் மனிதர் மாறினார். யார் அங்கே படியேறுகிறார்கள் என்று வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் புதுத் திரை வந்தது. கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்பவரிடம் வாங்கிவந்தார். நான் வேலை செய்வது பழைய திரையில். முடித்ததும் படத்தைப் புதுத் திரைக்கு இழுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் பார்ப்பது அதை மட்டும்தான். சார் தன் ஸ்டீல் ஸ்கேலை அந்தக் கண்ணாடிமேல் வைத்து, இவ்வளவு இருக்கிறது, இதைப்போல இத்தனை மடங்கு பெரிதாக்கலாம் என்று அளந்து சொல்வார். என் திரையில் ஒரு சாணுக்கு இருந்த படம் அங்கே அரைச் சாண்கூட இருக்காது. அது அவருக்கு உறுத்தவேயில்லை. புதுசில் தெரிவது நிஜம், பழசில் தெரிவது பழசின் கோளாறு என்பது அவர் கட்சி. பேனரைத் தூரத்தில் நின்றுதான் ஊர் பார்க்கும் என்பதால் அந்தக் கட்சி கொஞ்ச காலம் பிழைத்தது.

கல்லறைத் திருநாள் நெருங்கிய சமயத்தில் மயிலம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா வந்தார். நிலத்தில் மல்லாட்டைப் பயிர் போட்டிருந்த விவசாயி. நர்சிங் படித்த மகள், பைபாஸில் வண்டி மோதி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கிற படம் ஒன்றே ஒன்று, ஒரு சிநேகிதியின் செல்போனில் இருந்திருக்கிறது. அதுவும் கும்பலாக எடுத்தது. கடைசி வரிசையில் இவள். அதை டைல்ஸில் அச்சடித்துக் கல்லறையில் பதிக்க வேண்டும், திருநாளன்று பங்குச் சாமியார் வந்து கல்லறைகளை மந்திரிக்கும்போது அவள் முகம் அங்கே இருக்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். என் திரையில் அது அப்போதே கட்டம் கட்டமாக இருந்தது. புதுத் திரைக்கு இழுத்தபோது சுருங்கி, தெளிந்து, சிரித்தது. அந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார். சார் ஸ்கேலை வைத்து அளந்து, டைல்ஸ் முழுக்க முகமே வரட்டும் என்றார். நான் அடங்கிய குரலில், "சார், சின்னதாவே போட்டுடலாம் சார். பெருசு பண்ணா படம் ஒடஞ்சிடும்" என்றேன்.

சார் அந்த அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பொண்ணு பழைய பொட்டியப் பாத்துக்கினு பேசுது. நீங்க இதுல பாருங்க, எப்படி இருக்குது? உங்க பொண்ண சின்னதா போடணுமாம்" என்றார். அந்த அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மகளுக்கு இடம் தர எனக்கு மனசில்லை என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. சார் சொன்ன அளவிலேயே ஃபைலை அனுப்பினேன். டைல்ஸ் பாண்டிச்சேரியில் அச்சாகிக் கட்டிய அட்டைப்பெட்டியோடு வந்தது, யாரும் பிரிக்காமல் அப்படியே அவரிடம் போனது.

திருநாள் முடிந்த மறுநாள் அவர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் கல்யாண பேனருக்காக ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. துண்டைப் பிரித்தார். சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு கறை, கண் இருந்த இடத்தில் மங்கலாக இரண்டு கட்டம். அவளைப் பெற்றவளே கல்லறையில் அதைப் பார்த்து, இது யாரு என்று கேட்டாளாம். மந்திரிப்பு முடியும்வரை சாமந்தி மாலையால் மூடி வைத்திருந்து, பிறகு இவரே உளியால் பெயர்த்து எடுத்திருக்கிறார்.

சார் அந்தக் கல்யாணக் குடும்பத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "படம் நல்லாத்தான் இருந்துது, நீங்களே பாத்தீங்க. இந்தப் பொண்ணு கை வச்சி ஃபைலக் கெடுத்துடுச்சி. நான் இன்னா பண்றது?"

அந்த அப்பா என் பக்கம் திரும்பி, "அந்தப் பொட்டியில இருந்தாளேம்மா, அதுல ஒரு தபா காட்டேன்" என்றார். ஃபைல் அப்படியே இருந்தது. நான் திறந்து புதுத் திரைப் பக்கம் இழுத்தேன். அங்கே அவள் பழையபடி சிரித்தால் நான் எதையும் கெடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாருக்கும் அது தெரியும். பாதி முகம் தாண்டியிருக்கும். சாரின் கை நீண்டு புதுத் திரையின் பொத்தானை அழுத்தி அணைத்தது.

மிச்சம் நின்றது என் திரையில் இருந்த பாதி. அந்த அப்பா வந்து, இருண்ட கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். "மீதி இதுலதான இருக்குது?" என்றார். ஆமாங்க என்றேன். பிறகு டைல்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. செத்த பெண்ணின் படத்தைக் கெடுத்தவள் என்ற பேச்சு எனக்கு முன்னால் கடைத்தெருவைச் சுற்றிவந்திருந்தது. வேலை கேட்டுப் போனபோது எதிர்க்கடைக்காரர்கூட என்னை உட்காரச் சொல்லவில்லை.

இப்போது விழுப்புரத்தில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். போன மாதம் எனக்கும் மேசையில் இரண்டு திரை வைத்தார்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு. எழுத்து ஒன்றில் எறும்பாகவும் ஒன்றில் வண்டாகவும் தெரிகிறது என்று சொன்னேன். கம்ப்யூட்டர் பார்க்க வருகிற தம்பி எதையோ தட்டிவிட்டு, "அவ்ளோதாங்க்கா, இனிமே ரெண்டுலயும் ஒரே சைஸ்தான் தெரியும்" என்று போய்விட்டான். அவன் டீ ஆறவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது.

சார் இறந்ததாக இதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். சாவுக்கு நான் போகவில்லை, போகத் தோன்றவும் இல்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். அந்தத் தம்பி போனபிறகு திறந்திருந்த ஒரு விண்டோவைப் பழைய திரையிலிருந்து புதியதற்கு இழுத்துப் பார்த்தேன். சுருங்காமல் ஒழுங்காகத் தாண்டியது. பாதி வழியில் நிறுத்தினேன். பிறகு புதுத் திரையை அணைத்துவிட்டு, அந்தக் கறுப்புக் கண்ணாடிமேல் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி இன்னும் சூடாக இருந்தது. மீதி அதில்தான் இருந்தது.