வாரம் இரண்டு நாள் பல் வைத்தியம்

ஆனேக்கல்லுக்குக் குடிவந்த நாலாம் நாளே காய்கறிக்காரம்மா என்னைப் பார்த்து, காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். எனக்குக் காய்ச்சல் என்பது என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியிருக்கிறார். ஊருக்கு அது போதுமாயிருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் மர்பி டவுனில். அங்கேயும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான். ஒரு வீட்டுச் சண்டை நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் தெருமுனையைத் தாண்டி அல்சூர் பக்கம் நடந்துவிட்டால் நான் யாரோ. ஆனேக்கல்லில் அப்படித் தாண்டிப் போக ஒரு தெருமுனை இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், கணவருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் அங்கே போனோம். நான் என் பழைய வேலையை விடாமல் தினமும் பெங்களூருக்கு பஸ்ஸில் போய்வந்தேன். ஊர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் ஊரைப் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் வீட்டுக்குள் தமிழ், யார் வீட்டுக்குள் தெலுங்கு, யார் கன்னடத்தில் கொஞ்சிவிட்டுத் தமிழில் திட்டுவார்கள் என்பதெல்லாம் ஒரு வருடத்தில் அத்துப்படியாகிவிட்டது.

பிடிபடாமல் இருந்தவர் ஒருவர்தான். எங்கள் தெருக்கோடியில் மாவு மில் வைத்திருந்தவரின் மனைவி. ஐம்பதை நெருங்கும் வயது. கேழ்வரகு அரைக்கப் போகும்போது பார்த்தால் புருவம் வரை மாவு படிந்திருக்கும். செவ்வாயும் வியாழனும் மட்டும் தலை வாரி, இஸ்திரி போட்ட புடவையில் நான் போகும் காலை பஸ்ஸில் ஏறுவார், மடிவாளாவில் இறங்கிவிடுவார். பல் டாக்டரிடம் போகிறார் என்றார்கள். மூன்று மாதமாகியும் வைத்தியம் முடியாதது யாருக்கும் உறுத்தவில்லை. நானோ இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்து, அந்த அக்கா கெட்டி முறுக்கைக் கடகடவென்று கடிப்பதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு வியாழக்கிழமை மடிவாளாவில் நானும் இறங்கினேன். செய்வது நல்ல காரியம் இல்லை என்று தெரிந்தும் பின்னாலேயே நடந்தேன். அப்போது அந்தப் பக்கமெல்லாம் புது லேஅவுட்டுகள். சாலை போட்டிருப்பார்கள், வீடு வந்திருக்காது. இரண்டு தெரு திரும்பியதும் அவரைக் காணவில்லை. எந்தப் பக்கம் போனார் என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது, சிவப்பில் 'எல்' எழுதிய ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் குலுங்கிக் குலுங்கி வந்து என் எதிரிலேயே நின்றுபோனது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் மில்காரக்கா. பக்கத்தில் இருந்த வாத்தியார் "ஆராம்சே, ஆராம்சே" என்று இந்தியில் நிதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "பின்னாடியே வந்தியா?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வழியில்லை.

"சரி, வந்துட்ட. ஏறி உக்காரு."

பின்சீட்டில் உட்கார்ந்தேன். அந்த ஆளில்லாத தெருக்களில் அரைமணி நேரம் சுற்றினோம். ஏழெட்டு முறை வண்டி நின்றிருக்கும். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்தார். மில்லில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று விஷயத்தைச் சொன்னார். கிராமங்களிலிருந்து தானியம் ஏற்றிவர அவர்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கணவருக்குப் பார்வை மங்கியதிலிருந்து அது ஷெட்டிலேயே நிற்கிறது; விற்றுவிடலாம் என்கிறார் அவர். இவருக்கு மனசில்லை. கற்றுக்கொள்வது கணவருக்கும் தெரியாது.

இதை ஊரிலேயே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"அங்க ஒரு நாள் வண்டி ஆஃப் ஆச்சுன்னா போதும்மா, சாவுற வரைக்கும் வண்டிய நிறுத்துன அம்மான்னுதான் சொல்லுவாங்க. இங்க நான் எவ்ளோ தப்பு பண்ணாலும் யாரோ ஒரு ஆன்ட்டி, அவ்ளோதான்."

அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பதைத் தொந்தரவாக மட்டுமே நினைத்திருந்தேன். ஒரு காரியத்தைத் தப்பும் தவறுமாகச் செய்து பார்க்க அங்கே இடமில்லை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன்பின் நானும் பொய் சொல்ல ஆரம்பித்தேன். அக்காவுக்கு இன்னும் எத்தனை பல் பாக்கி என்று காய்கறிக்காரம்மா கேட்டால், கடைவாய்ப்பல் கொஞ்சம் சிக்கல் என்பேன். வேறு எதையும் ஒளிக்க முடியாத ஊரில் இது ஒன்று ஒளிந்திருந்தது எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றார். இரண்டாவது தடவை தேறினார்.

ஒரு சந்தை நாளில்தான் வேன் வெளியே வந்தது. கணவரிடம் சாவியை வாங்கி, லைசென்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். பயந்தபடியே ஆயிற்று. வேனின் கியர் ஸ்கூல் காரைப் போல இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மொத்தச் சந்தையும் பார்க்க, வண்டி நின்றது. நான் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் யோசனை சொல்லக் கிட்டே போனார்கள். அக்கா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மூன்றாவது முயற்சியில் வண்டி கிளம்பியது.

ஒரு வாரம் ஊர் இதையே பேசியது. ஆனால் வண்டி நின்றதைப் பற்றி இல்லை, யார் கற்றுக்கொடுத்தது என்பதைப் பற்றி. கணவர்தான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மில்லில் அரைக்க வருகிறவர்களிடம் அவரும், முதலில் தயங்கி, பிறகு தாராளமாக, கிளட்சை எப்படி விடவேண்டும் என்று தான் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லத் தொடங்கினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"சொல்லிக்கட்டும் விடு. விக்கிற பேச்ச விட்டுட்டாரு இல்ல" என்றார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. பெரிய ரோட்டில் முதல் தடவை போகப்போவதாகவும், கத்தாமல் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னார். அத்திபெலே தாண்டி, எல்லைச் செக்போஸ்ட்டின் லாரி வரிசையை ஒட்டி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார். கழுத்தில் வேர்வை இறங்கியது. நான் கதவுப் பிடியை விடவே இல்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிறுத்தி, இறங்கி, காபி குடித்தோம். இங்கே என்ன வேலை என்று அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. ஒரு வேலையும் இல்லை என்றார். தம்ளரைக் கையில் பிடித்தபடி, வந்த சாலையையும் அதற்கு மேல் கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் சாலையையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.