கொம்புச் சாயம் பூசிய சக்கரம்

என் அண்ணன் எனக்குத் தீபாவளிச் சீராக இரண்டு ஜீப் சக்கரங்களைக் கொண்டு வந்தார். ஊரில் மற்றப் பெண்களுக்கு அண்ணன்மார் சேலை கொண்டு வந்தார்கள், பலகாரக் கூடை கொண்டு வந்தார்கள். எனக்கு பஸ்ஸின் கூரையிலிருந்து ரப்பர் இறங்கியது. நான் வாயடைத்து நின்றேன். என் மாமியாருக்கு வாய் அடைக்கவில்லை. "சீலை எங்க, டயருக்குள்ளாற சுருட்டி வெச்சிருக்கறாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தச் சக்கரங்களில் ஒன்று சில மாதங்களுக்குள் என் மாமனாரின் உயிரைக் குடிக்கப் பார்த்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கேரளத்துச் சித்தூருக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு. நான் பிறந்து வளர்ந்தது மூணார் மலையில், பள்ளிவாசல் என்ற ஊரின் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். அப்பா இந்தப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய் அங்கே லாரி ஓட்டியவர். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று என்னைத் திரும்ப இங்கேயே கட்டிக் கொடுத்தார். என்னோடு மலையில் வளர்ந்த பிள்ளைகளெல்லாம் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து வம்சம் என்பதால் என் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. நான் "அங்கிட்டு இங்கிட்டு" என்றால் மாமியார் வீட்டில் சிரிப்பார்கள்.

கல்யாணமான வருடம் என்னை அழைத்துப் போக மலைக்கு வந்த என் வீட்டுக்காரர், எஸ்டேட் பங்களாவில் ஒரு குட்டி டிராக்டர் விலைக்கு நிற்பதைப் பார்த்துவிட்டார். துரைமார் காலத்தில் புல்தரை வெட்டவும் பூந்தோட்டத்துக்கு எரு இழுக்கவும் வைத்திருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் யாரிடமும் சொல்லாமல் பொள்ளாச்சிச் சந்தையில் இரண்டு காளைகளையும் விற்றார். டிராக்டர் லாரியில் வந்து வாசலில் நின்ற பிறகுதான் அவருடைய அப்பாவுக்கே விஷயம் தெரியும். மாமனார் வெறும் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாடு கட்டும் கட்டுத்தரையில் நின்றார்.

"என்ற காளைய வித்துப்போட்டு இந்தத் தகரத்தக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறயே, இதுக்கு நீ ஒரு பொழுதாச்சும் தவிடு வெச்சு வளத்துனயாடா?"

அதற்குப் பிறகு அவர் டிராக்டர் நிற்கும் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போய்விடுவார்.

டிராக்டரும் அவர் கோபத்துக்கு ஏற்றபடிதான் நடந்துகொண்டது. பங்களாப் புல்லில் உருளுவதற்கென்று செய்த முன் சக்கரங்கள் கைவண்டிச் சக்கரம் அளவுக்குத்தான் இருக்கும். டயரும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எங்கள் தோப்பிலோ வாய்க்கால் தண்ணீர் பாய்ந்துவிட்டால் மண் களியாகிவிடும். முன்பக்கம் மூக்குக் குத்தி நின்றுவிடும், நாலு பேர் வந்து தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தூரத்திலிருந்து மாமனார் வெற்றிலையைத் துப்பும் சத்தம் மட்டும் கேட்கும். பொறுக்க முடியாமல்தான் என் வீட்டுக்காரர் அண்ணனிடம் பெரிய சக்கரம் கேட்டார். அண்ணன் வட்டவடையிலிருந்து மூணாருக்குப் பூண்டும் முட்டைக்கோசும் ஏற்றி ஜீப் ஓட்டியவர். அது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப். முதலாளி அதற்கு வேறு சக்கரம் மாற்றியபோது பழையவை சும்மா கிடந்தன.

சித்தூர் லேத்துப் பட்டறையில் துளைகள் பொருந்தும்படி இரும்புத் தட்டு செய்து வைத்தார்கள். முதலில் வண்டியைத் திருப்பினால் டயர் ஸ்டியரிங் கம்பியில் உரசியது, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் பூட்டினார்கள். மாட்டி முடித்ததும் டிராக்டர் புதுப்பணக்காரன் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. வாய்க்காலைத் தாண்டியது, வரப்பில் ஏறியது. என் வீட்டுக்காரர் தோப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் ஊருக்குக் கிளம்பும் முன் எங்கள் இருவரையும் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தச் சக்கரம் சாதாரணச் சக்கரம்போல் ஒரே வார்ப்பு இல்லை. இரண்டு வட்டத் தட்டுகளைச் சேர்த்து நட்டுப் போட்டு முறுக்கியது.

"மாப்ளே, நல்லாப் பாத்துக்கங்க. நடுவுல இருக்கிற நட்டுகளக் கழட்டுனா சக்கரம் கையோட வரும். சுத்தி இருக்கிற இந்தச் செவப்பு நட்டுக இருக்கே, இதுதான் ரெண்டு பாதியையும் புடிச்சுக்கிட்டு நிக்கிது. உள்ள காத்து இருக்கையில இதுல கை வச்சா ஆளு தேற மாட்டான். பட்டாளத்துல சும்மா செவப்பு அடிச்சு வைக்கல." பிறகு என்னைப் பார்த்து, "தாயி, நீயும் ஞாபகம் வச்சுக்க" என்றார்.

வழக்கம்போல் மாமனார் அப்போதும் தோப்புக்குள் போயிருந்தார். அவர் காதில் இது விழவில்லை.

நான் அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்களுக்கு அந்த வீட்டின் வழக்கம் தெரியாது. மருமகள் மாமனாரிடம் நேரே பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்ல வேண்டும். மாமியார் பக்கத்தில் இல்லாவிட்டால் கன்றுக்குட்டியிடம் சொல்ல வேண்டும். "ஏ கன்னுக்குட்டி, வெந்நி காஞ்சிருச்சாம்" என்றால் மாமனார் எழுந்து குளிக்கப் போவார். அவரும் பதிலைக் கன்றுக்குட்டிக்குத்தான் சொல்வார். எங்கள் குடும்பத்து நியாயங்கள் அத்தனையும் அறிந்த ஜீவன் அந்தக் கன்றுதான்.

தை பிறந்து மாடுகளுக்கான பட்டிப் பொங்கல் வந்தது. கட்டுத்தரையில் ஒரு பசுவும் கன்றும்தான். வாசலில் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றிக் குட்டிக் குளம்போல் பட்டி அமைத்திருந்தோம். மாடுகள் அதை மிதித்துத் தாண்டினால்தான் பொங்கல் நிறையும். பசுவின் கொம்புக்கு நீலம் பூசி முடித்த மாமனார், சாய டப்பாவில் மிச்சமிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று டிராக்டரிடம் நடந்தார். அவர் குத்தவைத்து உட்கார்ந்து முன் சக்கரத்துக்கு நீலம் பூச ஆரம்பித்தார். கொம்பு முன்னால்தானே இருக்கும்! தட்டு, நட்டு ஒன்று விடாமல் பூசி, எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மகனைப் பார்த்து, "வண்டிய எடுறா, பட்டிய மிதிக்கட்டும்" என்றார்.

டிராக்டர் பட்டியை மிதித்தது. கூடியிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். என் வீட்டுக்காரர் வண்டியில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அண்ணன் காட்டிய சிவப்பு முழுக்க நீலத்துக்குள் போய்விட்டது. அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உடு அம்மிணி. அய்யன் இன்னைக்குத்தான் கிட்ட வந்திருக்கறாரு. அவரு கையால பூசுனதுமேல உடனே நான் பூசுனா என்ன நெனைப்பாரு? ஒரு வாரம் போவட்டும், நானே செவப்பு அடிச்சுக்கறேன்."

ஒரு வாரம் போனது. அதன்பின் பல வாரங்களும் போயின. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற மனுஷன், இதில் மட்டும் அசட்டையாக இருந்தார்.

மாசியில் ஒரு காலை, முன் சக்கரம் ஒன்று பாதி சப்பிக்கிடந்தது. வேலாமுள் குத்தியிருக்க வேண்டும். பொழுதோடு கழற்றிப் பஞ்சர் கடைக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வாய்க்கால் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். மாமியார் அடுப்படியில் இருந்தார். நான் சாணி அள்ளிக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் வந்தேன்.

டிராக்டரின் முன் சக்கரத்துக்கு எதிரே மாமனார் உட்கார்ந்திருந்தார். அச்சுக்குக் கீழே கல்லை அண்டக் கொடுத்திருந்தார். கையில் ஸ்பேனர். மகன் வருவதற்குள் கழற்றி வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். காளையின் குளம்பில் முள் எடுக்கும்போது பேசுவது மாதிரி, "முள்ளுக் குத்திருச்சா சாமி, இரு இரு, வலிக்காது" என்று சக்கரத்திடம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் கழற்றிப்போட்ட நட்டுகள். சக்கரத்தைப் பார்த்தேன். நடுவில் இருந்த நட்டுகள் குங்குமப் பொட்டோடு அப்படியே இருந்தன. சுற்றி இருந்தவற்றில் பாதியைக் காணவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கன்றுக்குட்டியைப் பார்த்து, "ஏ கன்னுக்குட்டி, அந்த நட்டுல கை வைக்கக் கூடாதாம்" என்றேன். எமன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது என் வாய் மாட்டிடம் பேசுகிறது! மாமனார் தலையைத் திருப்பாமலே, "கன்னுக்குட்டி, எனக்குத் தெரியாத வேலையா, போயி உன்ற சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

"யோவ்! எந்திரிய்யா!"

அது என் தொண்டையிலிருந்துதான் வந்தது. லயத்தில் குடித்துவிட்டு ரகளை செய்கிறவர்களை விரட்டும் குரல். மாமனாரை யோவ் என்று கூப்பிட்ட மருமகள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டாள். அவர் விருட்டென்று எழுந்தார். முகம் சிவந்து, ஸ்பேனரை ஓங்கிப் பிடித்துக்கொண்டு, "என்னடி சொன்ன?" என்று என்னை நோக்கி ஓரிரு எட்டு வைத்தார்.

அப்போது வெடித்தது.

அதைச் சத்தம் என்று சொன்னால் போதாது. தரை அதிர்ந்தது. புழுதிக்குள் எதுவும் தெரியவில்லை. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. புழுதி அடங்கியபோது மாமனார் முழங்கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்திருந்தார். வலது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மிச்ச நட்டுகளைப் பிய்த்துக்கொண்டு போன சக்கரத்தின் வெளிப்பாதியைக் காணவே இல்லை. எதிரே இருந்த வைக்கோல் சாளையின் மண்சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தோப்பில் போய்க் கிடந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த என் வீட்டுக்காரர் அப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, சக்கரத்தின் முன்னால் அப்பா இருந்த இடத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டை சரியாக அவருடைய நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதன் வழியே தென்னை மரங்கள் தெரிந்தன. அவர் அங்கேயே வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் காது ஜவ்வு கிழிந்துவிட்டது, வலது காது இனிக் கேட்காது என்றார்கள். அன்று சாயங்காலம் இன்னொரு பயம் பிடித்தது. மற்றச் சக்கரமும் அதே நீல நட்டுகளோடு, முழுக் காற்றோடு வாசலில் நிற்கிறது! தீபாவளியிலிருந்து அதன் பக்கத்தில் கோலம் போட்டிருக்கிறேன், அதில் சாய்ந்துகொண்டு காப்பி குடித்திருக்கிறோம். ஆள் அனுப்பி அண்ணன் வந்து சேரும்வரை யாரும் அந்தப் பக்கம் நடக்கவில்லை. அவர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கியபோது நாங்கள் எல்லோரும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றோம். "பாதிக் காத்துக்கே இந்தக் கெதி" என்று சுவரைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார். "இதுக்குத்தான் நான் சீலை கேட்டேன்" என்றார் மாமியார்.

ஆனால் மாமியாருக்குச் சக்கரத்தைவிட என் வாய்தான் பெரிய அதிர்ச்சி. அக்கம்பக்கத்தில் யார் நலம் விசாரிக்க வந்தாலும் அதைத்தான் சொன்னார். ஒரு மத்தியானம் மாமனார் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருக்க, அவரிடமே ஆரம்பித்தார். "மாமனாரப் போயி யோவ்ங்கறாளே, இவளையெல்லாம் ஊட்டுல வெச்சுக்கறதா?"

மாமனார் இடது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, கட்டுத்தரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கோபமில்லாமல் முதல் தடவையாக என்னிடம் நேரே பேசினார்.

"மருவாதியாக் கூப்புட்டிருந்தா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன். இந்தக் காது கடைசியாக் கேட்டது உன்ற சத்தந்தான் அம்மிணி. இனிமே கன்னுக்குட்டிகிட்டச் சொல்லாதே. இந்தப் பக்கமா வந்து எங்கிட்டயே சொல்லு."

நான் அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். எவ்வளவோ சொல்ல நினைத்தேன். "சோறு ஆறுது, சாப்பிட வாங்க மாமா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். நான் அவரிடம் மரியாதையாகப் பேசிய முதல் வார்த்தை அது.