மாதாவிடம் போன எதிர்மனு

பாரிசில் இருந்த எங்கள் சித்தி மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். அங்கே பெண்கள் ஜெபம், பக்தி பற்றி மனசில் இருப்பதை ஒளிக்காமல் பேசி இன்டர்நெட்டில் போடுகிறார்களாம். அதற்குப் பெயர் பாட்காஸ்டாம். நானும் தங்கையும் பேசி மெயிலில் அனுப்பினால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

முத்தியால்பேட்டை வீட்டில் சத்தமில்லாத இடம் ஏது? கட்டிலுக்கு அடியில் புகுந்து, செல்போனை நடுவில் வைத்துக்கொண்டோம். பிரசங்கம் கேட்பதுபோலவே தூங்குவது எப்படி என்று தங்கை பாடம் எடுத்தாள். நான் கொஞ்சம் ஓவராகவே போய்விட்டேன்.

"ஜெபமாலைக்கு முன்னாடி எங்கம்மா எதுக்காக வேண்டிக்கணும்னு சத்தமா கருத்து சொல்வாங்க. தெனம் ஒரே கருத்துதான், பெரியவளுக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை அமையணும். நான் பக்கத்துலயே முட்டி போட்டுக்கிட்டு, அமையவே கூடாதுன்னு வேண்டிக்கறேன். நான் டீச்சர் வேலைக்குப் போவணும். பாவம் மாதா, ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு மனு!"

பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தோம். சித்தி மகள் பெருமை தாங்காமல், அங்கே சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் தோழிகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அதில் ஒருத்தி, அம்மா எனக்காகப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தங்கை.

மறுநாளே போன் வந்தது. பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று அவள் வாயாலேயே கேட்டுவிட்டோம், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

"அப்படி என்னத்தடி பேசுன? போட்டுக் காட்டு" என்றார் அம்மா.

செல்போனில் போட்டுக் காட்டினேன். தங்கையின் தூக்கப் பாடத்துக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். என் மனு வந்ததும் சிரிப்பு நின்றது.

"இத எங்கிட்ட சொல்லக் கூடாதா? ஊரு ஒலகத்துக்கு எல்லாம் சொல்லிட்டு, எனக்கு மட்டும் கடைசியா?"

நாலு சாத்து சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்தக் கேள்வி அப்படி வலித்தது.

சாயங்காலம் மூன்று பேரும் ஜெபமாலைக்கு முட்டி போட்டோம். அம்மா தொண்டையைச் செருமினார். இன்று என்ன கருத்து வரப்போகிறதோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"பெரியவளுக்கு டீச்சர் வேலை கெடைக்கணும் தாயே. அவ ஆசப்பட்டபடியே நடக்கட்டும்."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"பிரான்ஸ் மாப்பிள்ளை சின்னவளுக்கு அமையணும்."

தெருவுக்கே கேட்கும்படி "ஆமென்" என்றேன். தங்கை என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரத்துக்குக் கன்றிப்போயிருந்தது.