எழுத்துக்குப் பின்னால் மூன்று கட்டம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வாய்த்த வேலை, கட்டம் போட்ட தாளில் தமிழ் எழுத்துகளை நிரப்புவது. தாளில் ஒரு கட்டம், கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி. அம்பத்தூரில், மாடியில் ஒற்றை அறை டி.டி.பி. சென்டர். மத்தியானங்களில் மின்விசிறிக் காற்றுக்குத் தாள் மெல்ல எழும்பி அடங்கும். கண்ணை மூடினால் இமைக்குள் வெள்ளையாக ஒரு 'ழ' நீந்தும். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று எனக்கு அதிசயம்.

அப்பாவுக்கு எரிச்சல். அவர் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் எழுதிய கிளார்க் பரீட்சையை நான் எழுதவில்லை. எங்கள் மாதா கோயில் பாட்டுப் புத்தக வேலை எங்கள் சென்டருக்குத்தான் வந்திருந்தது. "திருவிழாவுக்குள்ள அது ஒழுங்கா வந்தா பாக்கலாம். இல்லன்னா பேசாம பரீட்சை எழுது" என்றார். பரீட்சை விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சென்டர் வேலையை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

ஒவ்வொரு எழுத்துக்கும் அளவு சொல்ல வேண்டும். எத்தனை புள்ளி அகலம், அடுத்த எழுத்து எத்தனை புள்ளி தள்ளித் தொடங்கும் என்று. அப்பாவின் கணக்கில் சந்து தெரிந்தால் அது மட்டமான வேலை. இரண்டு இரும்பு சேர்ந்தால் நடுவே காற்றுகூட நுழையக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். 'ப' பதினான்கு புள்ளி அகலம், அதனால் பதினான்காவது புள்ளி முடிந்ததுமே அடுத்த எழுத்து. பெருமையாகத்தான் கொடுத்தேன்.

அச்சாகி வந்த முதல் தாளைப் பார்த்த முதலாளி தலையில் கை வைத்தார். "இன்னாம்மா இது, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு கீது! இத்த எப்டி பாடுவாங்க?"

திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சாயங்கால ரயிலில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருமுல்லைவாயிலில் ஏறிய பூக்காரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கொஞ்சம் நவுந்து குந்தும்மா, மூச்சு வுட வேணாமா?" நகர்ந்தேன். எங்களுக்கு நடுவே நாலு விரல் இடம். இரண்டு பேருக்குமே தோள் இளகியது. ஆவடி வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளின் அகலம் வேறு, ஆளுக்கு வேண்டிய இடம் வேறு.

மறுநாள் 'ப'வுக்குப் பதினேழு கொடுத்தேன். பதினான்கு கறுப்பு, மூன்று வெறுமை. மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கு மட்டும் இடம் பூஜ்யம். அது பின்னால் போய் முந்தைய எழுத்தின் தலையில் ஏறிக்கொண்டது. யாரும் வரையாத வெள்ளைக் கட்டங்களை நான்கு நாள் எண்ணினேன். வீடு திரும்பும் வழியில் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு நடுவே தெரிந்த வானத்தையும் எண்ணினேன்.

திருவிழாப் பூசையில் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு வரி நெடுக நகத்தை ஓட்டினார்.

"இந்தச் சந்தெல்லாம் நீ விட்டதா?"

"ஆமாப்பா."

"எல்லாத்துக்கும் அளவு இருக்கா?"

"இருக்குப்பா."

பாட்டு முடிந்து எல்லாரும் முழங்காலிட்டபோது, அப்பா சட்டைப் பையிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தார். அடுத்த பாட்டின் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்து, புத்தகத்தை மூடினார்.