நீலம் உள்ளே போன கதை

இசக்கிசெல்விக்கு எதையும் திறந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பென்னலூரில் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு இருக்கும் அறையில் மிக்ஸி, டார்ச், என் இயர்போன் எல்லாமே அவள் கையில் ஒருமுறை பிரிபட்டவைதான். மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. என் இயர்போன் போய்ச் சேர்ந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் எங்களுக்கு ஒரே லைன். கனெக்டர் என்ற பிளாஸ்டிக் கட்டையின் பின்பக்கத்திலிருந்து வயரைச் சொருக வேண்டும். எதிரே மாட்டியிருக்கும் படமும் பின்பக்கத்திலிருந்து பார்த்தபடியே வரைந்திருக்கும். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அவள் சூப்பர்வைசரிடமே கேட்டாள். "வேலையப் பாரும்மா" என்றார்.

ஓவர்டைம் இல்லாத நாட்களில் அவள் சிந்தசைசர் என்று ஒரு இசைக்கருவி செய்துகொண்டிருந்தாள். கீபோர்டு மாதிரி கட்டைகள் கிடையாது, வெறும் குமிழ்கள். ஒன்றைத் திருப்பினால் சத்தம் கொசு மாதிரி மெலியும், இன்னொன்றைத் திருப்பினால் லாரி மாதிரி உறுமும்.

"எதுக்குட்டி இது?" என்று கேட்டால், "சத்தம் எப்படி உண்டாவுதுன்னு பாக்கணும்லா" என்பாள்.

என் தூக்கம் போகிறதே என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவள் குமிழைத் தொட்டால் என் காது தானாக அங்கே போய்விடும், அது வேறு விஷயம்.

குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க வந்த வீட்டுக்காரம்மா தாயாரம்மாளின் கண்ணில் ஒருநாள் அந்த வயர்க் குவியல் பட்டுவிட்டது.

"இன்னாம்மா இது, வயரெல்லாம் வெளிய தொங்கிகினு கீது? தீ புடிச்சா யார் பதில் சொல்றது?"

"பேட்டரிதாம்மா, தீயெல்லாம் புடிக்காது" என்றாள் இவள். அந்தம்மா எங்கே காதில் வாங்கியது?

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வருவேன். ஒண்ணு எல்லாம் பொட்டிக்குள்ள மூடிக் கெடக்கணும், இல்ல இந்த வூட்ல இருக்கவே கூடாது."

பிளைவுட் பெட்டி தயாராகத்தான் இருந்தது. முன்பக்கத் தகடு மட்டும் பாக்கி. படப்பையில் அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் ஒரு துண்டு வாங்கிவந்து, நீலப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் இடமிருந்து வலமாகச் சுருதி, அலை, வேகம், சத்தம் என்று எழுதினாள். அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஞாயிறு மதியம், பெயிண்ட் கீறக்கூடாதென்று தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, துளைகளின் இடம் குறித்துத் தான் வரைந்த படத்தை அதன் முதுகில் ஒட்டி, டிரில்லிங் மெஷினால் துளை போட்டாள். பிறகு தகட்டைத் திருப்பினாள். முகம் செத்துப்போனது.

சுருதிக்கான பெரிய துளை வலது கோடியில், சத்தம் என்ற பெயருக்குக் கீழே இருந்தது. எல்லாமே இடவலம் மாறிக் கிடந்தது. கம்பெனியில் எந்தப் படமும் பின்பக்கத்துப் படம்தான். அந்தப் பழக்கத்தில், தானே வரைந்த முன்பக்கப் படத்தையும் அப்படியே பின்பக்கத்தில் ஒட்டிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. குமிழ்கள் ஒரே போர்டில் பற்றவைத்தவை, இடம் மாற்ற வழியில்லை.

அவள் டிரில்லிங் மெஷினை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"முதுகையே முகமா மாட்டித் தொலையேன்டி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். தகட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு குமிழும் அதனதன் துளையில் சரியாக வந்து நின்றது.

உப்புத்தாளால் அந்த வெற்று அலுமினியத்தை ஒரே திசையில் தேய்த்தாள். மாட்டுவதற்கு முன் நீலப் பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. நாலு மூலைத் திருகாணிகளையும் முதலில் லேசாகப் பிடிக்கவிட்டு, அப்புறம் எதிரெதிர் மூலையாக இறுக்கினாள்.

தாயாரம்மாள் சொன்னபடி வந்தாள். சுற்றிவந்து பார்த்தாள். எங்கும் வயர் தெரியவில்லை.

"இது எதுக்கு?" என்று ஒரு குமிழைக் காட்டினாள்.

"திருப்பிப் பாருங்கம்மா."

திருப்பினாள். பெட்டி முனகியது. கையை வெடுக்கென்று எடுத்தாள். பிறகு அடுத்ததைத் திருப்பினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் திருப்பினாள். அறைக்கு எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள்.

"நல்லா கீது. பேரே போடல? எந்தக் கம்பெனி?"

இசக்கிசெல்வி என்னைப் பார்த்தாள். "நாந்தாம்மா" என்றாள்.

தாயாரம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப ரிப்பேர் ஆனா இங்கியே பாத்துக்கலாம். இந்த வூட்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குமிழைத் திருப்பினாள்.