ஐம்பத்திரண்டு டிகிரி வீடு

ஓசூர் என்றாலே குளுகுளு என்றுதான் மத்தூரில் இருந்த என் மாமா வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம், "உங்களுக்கென்ன, ஏசிக்குள்ள குடித்தனம் பண்றீங்க" என்பார் மாமா. அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் டிசம்பரில். டிசம்பரில் எங்கள் வீட்டில் பல் தந்தியடிக்கும் என்பது உண்மைதான். ஏப்ரலில் அதே வீடு என்ன ஆகும் என்று அவர் இருந்து பார்த்ததில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. கம்பெனிகளுக்குப் பின்புறம், ஒரு காலத்தில் கேழ்வரகு விளைந்த நிலத்தில், வீட்டுக்காரர் வரிசையாக எட்டு லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஓர் அடுப்படி, தலைக்கு மேல் சிமெண்ட் ஷீட். எங்களுடையது ஏழாவது. கடைசி வீட்டில் ஜவளகிரியிலிருந்து வந்த ஓர் அக்கா குடியிருந்தார். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். கையெழுத்திலிருந்து கபடி வரைக்கும் எல்லாவற்றிலும் எனக்கும் அவனுக்கும் போட்டி. வீட்டுக்காரர் முன்பக்கம், கான்கிரீட் கூரை போட்ட தன் மெத்தை வீட்டில் இருந்தார்.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஓர் உதிரிபாகக் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் படுப்பார். பத்து மணிக்கு மேல் ஷீட் காயத் தொடங்கும். பதினோரு மணிக்கு ஈரத்துண்டை நெஞ்சில் விரித்துக்கொள்வார். பன்னிரண்டுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போய்விடுவார். நிழல் நகர நகர அவர் பாயும் நகரும். நானும் ஜவளகிரிக்காரனும் தரையில் செங்கல்லால் கோடு கிழித்து, அத்தா எப்போது அதைத் தாண்டுவார் என்று பந்தயம் கட்டுவோம்.

அந்த ஏப்ரலில்தான் தோளில் துணிப்பை மாட்டிய ஓர் அக்கா எங்கள் தெருவுக்கு வந்தார். பெண்கள் அமைப்பு ஒன்றிலிருந்து வருவதாகச் சொன்னார். பேச்சு சேலத்துப் பேச்சு. வீடுகளுக்குள் எவ்வளவு வெயில் இறங்குகிறது என்று குடியிருப்பவர்களே அளந்து எழுத வேண்டும், அதை வார்டு கூட்டத்தில் எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். நாங்கள் அவருக்கு வெயில் அக்கா என்று பெயர் வைத்துவிட்டோம்.

சோப்புக்கட்டி அளவில், வெப்பம் காட்டும் மூன்று வெள்ளைப் பெட்டிகள் கொடுத்தார். ஒன்று எங்களுக்கு, ஒன்று ஜவளகிரி அக்காவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வீட்டுக்காரரின் மெத்தை வீட்டுக்கு. அடுப்பிலிருந்து தள்ளி, சுவரில் தோள் உயரத்தில் மாட்ட வேண்டும். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு என்று மூன்று முறை எண்ணைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். தாளின் ஓரத்தில் 'இன்று வீட்டில் என்ன நடந்தது' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்தக் கட்டத்தில் தினமும் 'ஒன்றும் இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

முதல் வாரம் வெயில் அக்கா வந்து அதைப் படித்துவிட்டு, "நெஜமாவே ஒண்ணும் இல்லீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒரு மணி நேரம் பேசினார். காலையில் அரைத்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடுகிறது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் விரல் வியர்த்துத் துணியில் கறை படிகிறது, அதனால் தைக்கிற வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாயிற்று. தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது, குளித்தாலும் சூடு தணிவதில்லை. அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே, இதைப் போய் எழுதுகிறாரே என்று எனக்குத் தோன்றியது.

என் கவலை வேறு. எங்கள் வீட்டில் நாற்பத்தொன்று காட்டினால் ஜவளகிரிக்காரன் வீட்டில் நாற்பத்திரண்டு காட்டியது. நாற்பத்திரண்டு வந்த அன்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு தன் தாளை நீட்டினான். நாற்பத்துமூன்று. கடைசி வீடு, மேற்குச் சுவர் முழுக்க வெயில் வாங்கும் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. மாநில அளவில் பரிசு வாங்கியவன் மாதிரி அவன் தெருவில் நடந்தான்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். குக்கர் அப்போதுதான் விசில் அடித்து அடங்கியிருந்தது. பெட்டியைக் கழற்றிக் குக்கர் மூடியின் பக்கத்தில் பிடித்தேன். எண்கள் ஏறுவதைப் பார்க்க அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. ஐம்பத்திரண்டில் கை சுட்டது, எடுத்துவிட்டேன். தாளில் 52 என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அடுத்த நாளும் அதே வேலை செய்தேன். ஜவளகிரிக்காரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வெற்றியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வெயில் அக்கா தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்து எங்கள் எல்லாரையும் தொட்டுப் பார்த்தார். "அண்ணனுக்கு மயக்கம் கியக்கம் வந்துச்சுங்களா?" என்று கேட்டார். பேச்சுச் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்பத்திரண்டுல மனுசன் உசுரோட இருப்பானாம்மா? இதைத்தான் கூட்டத்துல காட்டப் போறியா? நாப்பத்திரண்டுங்கறதும் இப்படி எழுதினதுதான். எங்க வீட்ல முப்பத்தஞ்சைத் தாண்டவே இல்லியே."

அம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "குக்கரு..." என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டு வாரம் மூன்று வேளையும் எழுதிய தாள் என்னால் குப்பைக்குப் போகப் போகிறது என்பது எனக்கே புரிந்துவிட்டது.

நான் அழிரப்பரைத் தேடினேன். வெயில் அக்கா தடுத்தார். "அழிக்கக் கூடாது கண்ணு. குறுக்கே ஒரு கோடு போட்டுட்டு, ஏன்னு பக்கத்துல எழுது." 'என்ன நடந்தது' கட்டத்தில் முதன்முறையாக நான் உண்மையை எழுதினேன்: 'குக்கரில் வைத்தேன்.'

அம்மா தலைத்துணியைச் சரி செய்துகொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னார். "புள்ள செஞ்சது தப்புதாண்ணா. நாளைக்கு ரெண்டு மணிக்கு நீங்களே வந்து உக்காருங்க. நீங்களே பார்த்து உங்க கையால எழுதுங்க."

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவரே ஒரு கணம் விழித்துவிட்டு, "வர்றேம்மா, அதுக்கென்ன" என்றார்.

மறுநாள் சொன்னபடி வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மோர் கொடுத்தார். வெயில் அக்கா தரையில் உட்கார்ந்தார். விருந்தாளி வந்ததால் அத்தா தொட்டி நிழலிலிருந்து எழுந்து வந்து சுவரோரம் நின்றார். தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டார்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றி, ஷீட்டின் சூட்டை எங்கள் மேல் இறக்கியது.

பத்து நிமிடத்தில் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மோர் தீர்ந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். மேலே ஷீட்டைப் பார்த்தார். பிறகு அத்தாவைப் பார்த்தார்.

"இந்த நேரத்துல இதுல எப்படிப்பா தூங்கறே?"

"தூங்கறதில்லைண்ணா. சும்மா படுத்துக்குவேன்."

வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். மணி இரண்டானதும் எழுந்து பெட்டிக்குக் கிட்டே போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நாற்பத்திரண்டு. தாளை வாங்கி எழுதினார். ஓரக் கட்டத்திலும் ஏதோ எழுதினார். அவர் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், எழுத்து தெலுங்கில் இருந்தது. வெயில் அக்காவுக்குப் படிக்கத் தெரியவில்லை. என்னவென்று கேட்டதும், கூச்சத்தோடு அவரே படித்துச் சொன்னார்: "உட்கார முடியலைன்னு எழுதியிருக்கேன்."

முதலில் சிரித்தது அத்தாதான். பிறகு வீட்டுக்காரரும் சிரித்தார். வாசலில் நின்ற நாங்கள் எதற்கென்று தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தத் தாள் வார்டு கூட்டத்துக்குப் போனது. அங்கே முடிவு வரும்வரை வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு டிரம் நிறையச் சுண்ணாம்பு ஊற வைத்துவிட்டார். அத்தாவும் அவரோடு வேலை செய்யும் மூன்று பேரும் ஏணி வைத்து ஏறினார்கள். ஷீட் உடையாமலிருக்கக் குறுக்கே பலகை போட்டு, விடியற்காலையிலிருந்து எட்டு வீட்டுக் கூரைக்கும் வெள்ளை அடித்தார்கள். கீழே நின்றபடி வீட்டுக்காரர் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறி யோசனை சொன்னார். மேலே இருந்தவர்கள் மூன்று மொழியிலும் சரி சரி என்றுவிட்டுத் தங்கள் இஷ்டப்படி அடித்தார்கள். ஜவளகிரி அக்கா அண்டா நிறையப் புளிசாதம் கிளறினார். தாடியெல்லாம் வெள்ளையாக இறங்கி வந்த அத்தாவைப் பார்த்து அம்மா, "யாரு இந்தப் பெரியவரு?" என்று கேட்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சோகம் மறுநாள் வந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பெட்டியைப் பார்த்தேன். முப்பத்தேழு. தட்டிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். முப்பத்தேழுதான். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஜவளகிரிக்காரனும் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு. அப்போதும் ஒன்று கூடுதல்தான்.

குக்கர் அடுப்படியிலேயே இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. 37 என்று யாரும் சுலபத்தில் படிக்க முடியாதபடி பொடியாக எழுதினேன். அறையில் ஒரே அமைதி. அத்தா அங்கேயே பாயில் படுத்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா தைக்காமல், பாத்திரம் துலக்காமல், சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தபோது உதட்டில் விரல் வைத்தார்.

சாயங்காலம் வெயில் அக்கா வந்தார். தாளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துவிட்டு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். அத்தா ஐந்து மணிக்குத்தான் எழுந்து வந்தார், கன்னத்தில் பாயின் கோடுகளோடு. அம்மா சேமியா பாயசம் காய்ச்சினார். ஜவளகிரி அக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணமும் மெத்தை வீட்டுக்கு ஒரு கிண்ணமும் அனுப்பிவிட்டு, எனக்கு முந்திரி அதிகமாகப் போட்டுக் கொடுத்தார்.

இத்தனை பேர் ஒன்றுகூடி ஆறுதல் சொல்லும்போது அழுதுகொண்டிருப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். தோற்றதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் பாயசத்தைக் குடித்து முடித்து, இன்னொரு கிண்ணம் கேட்டேன்.